மொசார்ட் பிறந்த வீடு, சால்ஸ்பர்க்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், கெட்ரைடகாஸே 9 என்ற முகவரியில், 1756 ஜனவரி 27 இரவு எட்டு மணிக்கு இசையமைப்பாளர் வோல்ஃப்காங் மொசார்ட் பிறந்தார். அந்த வீடு 1880 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மொசார்ட் பெயரில் ஊருக்கு ஒரு வீடு இருக்கிறதே, பிறந்த வீடு எது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பிறந்த வீட்டின் ஜெர்மன் பெயர் 'கெபுர்ட்ஸ்ஹௌஸ்'. மஞ்சள் நிற முகப்பில் பொன்னெழுத்தில் அதே பெயர் எழுதியிருக்கும். சால்ஸ்பர்க்கிலேயே, ஆற்றுக்கு அந்தக் கரையில், மகார்ட்பிளாட்ஸ் 8-இல் இன்னொரு வீடு இருக்கிறது. அதன் பெயர் 'வோன்ஹௌஸ்', அதாவது குடியிருந்த வீடு. 1773-இல் குடும்பம் அங்கே மாறிப் போனது. இரண்டையும் ஒரே அமைப்புதான் நடத்துகிறது, கடிதத்தாள் முதல் டிக்கெட் வரை இரண்டும் ஒரே சாயல். அதனால் மேப்பில் 'மொசார்ட் வீடு' என்று மட்டும் தட்டிவிட்டு, எது முதலில் வருகிறதோ அங்கே போய் நிற்பவர்கள் நிறைய. தெருப் பெயரையும் கதவு எண்ணையும் போட்டுத் தேடுங்கள்.

வியன்னாவில் டோம்காஸே 5-இல் இருக்கும் 'மொசார்ட்ஹௌஸ்' அவர் 1784 முதல் 1787 வரை வாடகைக்கு இருந்த இடம். சங்க்ட் கில்கன் என்ற ஊரில் இருப்பது அவர் அம்மா பிறந்த வீடு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இருப்பது அப்பா லெயோபோல்ட் பிறந்த வீடு. 'மொசார்டெயும்' என்ற பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கச்சேரி அரங்கும் சால்ஸ்பர்க்கில் உண்டு. அங்கே யாரும் பிறக்கவில்லை.

கெட்ரைடகாஸே என்றால் தானியத் தெருவா?

ஜெர்மனில் 'கெட்ரைட' என்றால் தானியம் என்பதால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய பெயர் 'ட்ராபகாஸே'. குதிரை துள்ளு நடை போடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வாய்வழக்கில் திரிந்து திரிந்து தானியத்தில் வந்து நின்றுவிட்டது. கடைகளுக்கு மேலே தொங்கும் இரும்புப் பூவேலைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் இன்ன கடை என்று புரியட்டும் என்றுதான் சாவி, செருப்பு என்று உருவங்களைத் தொங்கவிடும் பழக்கம் வந்தது. இன்றைய சங்கிலிக் கடைகளும் அதே பாணியில்தான் பலகை மாட்டியிருக்கின்றன.

ரயில் நிலையத்திலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் எப்படிப் போவது?

சால்ஸ்பர்க் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடக்க முடியாதென்றால் நிலைய வாசலில் நிற்கும் மின்கம்பி பஸ்ஸில் ஏறலாம். அந்த ஊரில் இதை 'ஓபஸ்' என்பார்கள். 3, 5, 6 எண் பஸ்கள் ஆற்றைக் கடந்ததும் 'ராத்ஹௌஸ்' நிறுத்தத்தில் நிற்கும். அங்கே இறங்கி மூன்று நிமிடம் நடந்தால் வீடு. விமான நிலையத்திலிருந்து 10-ஆம் எண் பஸ் நகர மையத்துக்கும் 2-ஆம் எண் ரயில் நிலையத்துக்கும் போகின்றன.

டிக்கெட்டை டிரைவரிடம் வாங்கினால் விலை கூடுதல். நிறுத்தத்திலுள்ள இயந்திரத்திலோ 'ட்ராஃபிக்' என்ற பலகை போட்ட புகையிலைக் கடையிலோ முன்பே வாங்குங்கள். ஊரில் ஓர் இரவாவது தங்குகிறீர்கள் என்றால், தங்குமிடத்தில் விருந்தினர் பயணச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2025 மே மாதம் முதல் சால்ஸ்பர்க் மாநிலத்தில் தங்கும் விருந்தினர்கள் பொதுப் பேருந்திலும் ரயிலிலும் அதைக் காட்டித் தனிக் கட்டணமின்றிப் போகலாம். கேட்காமல் விட்டுவிட்டு, தினமும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குபவர்கள் உண்டு.

வியன்னாவிலிருந்து வேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். மியூனிக்கிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆஸ்திரிய ரயில்வேயின் 'ஷ்பார்ஷீனே' டிக்கெட் மலிவுதான், ஆனால் அதில் குறித்த ரயிலில் மட்டுமே செல்லும். அருங்காட்சியகத்தில் நேரம் போனது தெரியாமல் நின்று ரயிலை விட்டால் முழுக் கட்டணம் கொடுத்துப் புது டிக்கெட் எடுக்க வேண்டும். மியூனிக் பக்கமிருந்து நாலைந்து பேராக வருகிறவர்களுக்கு 'பயர்ன் டிக்கெட்' லாபம். அது உள்ளூர் ரயில்களில் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் செல்லும். வார நாட்களில் காலை ஒன்பதுக்கு மேல்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகலாமா?

மியூனிக்கில் தங்கிக்கொண்டு பகல் பயணமாக வருகிறவர்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிதான், அதாவது எல்லையில் வழக்கமாகப் பாஸ்போர்ட் பார்க்காத ஐரோப்பிய நாடுகள்தான், ஆனாலும் திரும்பும் வழியில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் சோதனை போடுகிறது. அதற்காக ரயில் நிற்பதால் தாமதமும் ஆகும். மியூனிக்கில் அன்றிரவே விமானம் ஏற வேண்டியவர்கள் இதற்கென்று குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கி வைக்கட்டும்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டிஷ், கனடியப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய கால வருகைக்கு விசா வேண்டாம். விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் ஐந்து இரவு, சால்ஸ்பர்க்கில் இரண்டு இரவு என்றால் விண்ணப்பம் ஜெர்மனிக்கு. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு?

வழக்கமான நேரம் காலை 9 முதல் மாலை 5.30 வரை. கடைசி அனுமதி மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பு. காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றுவிடுங்கள். சுற்றுலாக் குழுக்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் நடந்து வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். அதற்குப் பிறகு மதியம் மூன்று வரை அந்தச் சின்ன அறைகளில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர வேண்டியதுதான். நாலு மணிக்கு மேல் மறுபடி தளரும். ஐந்து மணிக்குக் கடைசி ஆளாக நுழைவதில் பயனில்லை. நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

வோன்ஹௌஸும் இதே நாட்களில், இதே நேரத்தில் திறந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் அந்தந்த வாரத்து நேரத்தைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

தனி டிக்கெட்டா, இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த டிக்கெட்டா, சால்ஸ்பர்க் கார்டா?

ஒரு வீடு மட்டும் என்றால் தனி டிக்கெட். இரண்டும் என்றால் சேர்ந்த டிக்கெட் தெளிவாக மலிவு. கோட்டைக்கும் போவதாக இருந்தால் கார்டைக் கணக்கில் எடுங்கள்.

சால்ஸ்பர்க் கார்டு 24, 48, 72 மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு மொசார்ட் வீடுகள், ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை, அதற்கு ஏறும் கேபிள் ரயில், நகரப் பஸ் எல்லாம் அதில் அடங்கும். ஒரு நாளில் இந்த நாலையும் பார்த்தாலே போட்ட காசு வந்துவிடும். இந்தக் கார்டில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு முறைதான் அனுமதி, வெளியே வந்துவிட்டுத் திரும்ப நுழைய முடியாது. அடுத்தது, 24 மணி நேரம் என்றால் கடிகாரக் கணக்கு, தேதிக் கணக்கு அல்ல. முதல் நாள் காலை பதினொன்றுக்கு முதல் இடத்தில் காட்டினால் மறுநாள் காலை பதினொன்று வரை செல்லும். மறுநாள் ஒன்பது மணிக்குக் கூட்டமில்லாத பிறந்த வீட்டை அதே கார்டில் பார்த்துவிடலாம்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

முதலில் மாடி. குடும்பம் இருந்தது மூன்றாம் மாடியில். நம் ஊர்க் கணக்குப்படியே தரைத்தளத்தை விட்டுவிட்டு மூன்று. அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது நாலாவது தளம். சுற்று மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிறது. மூன்றாம் மாடியில் குடியிருப்பு, அதற்குக் கீழே ஓபரா பற்றியும் அந்தக் காலத்து வாழ்க்கை பற்றியும் காட்சிகள். விளக்கங்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

மூச்சு வாங்க மேலே ஏறியவுடன் வேகமாக அடுத்த அறைக்குப் போய்விடாமல், அடுப்படியில் கொஞ்சம் நில்லுங்கள். திறந்த அடுப்பு, கரி படிந்த சுவர், ஜன்னல் வழியாக மங்கலான வெளிச்சம். மொசார்ட்டின் அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்து, தங்கியது இரண்டே இரண்டு: 1751-இல் பிறந்த மரியா அன்னா என்ற நானெர்ல், கடைசியாகப் பிறந்த வோல்ஃப்காங். மற்ற அறைகளில் கண்ணாடிப் பெட்டிகள் பேசுகின்றன. இந்த ஒன்றில்தான் வீடு பேசுகிறது.

அடுத்தது மொசார்ட் குழந்தையாக இருந்தபோது வாசித்த வயலின். சால்ஸ்பர்க்கில் ஆண்ட்ரியாஸ் ஃபெர்டினாண்ட் மாயர் செய்தது. பெட்டிக்கு முன்னால் நின்று உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு சின்னக் கைக்குச் செய்தது என்பது அப்போதுதான் உறைக்கும். மகன் பிறந்த அதே 1756-இல்தான் அப்பா லெயோபோல்ட் வயலின் கற்பிக்கும் முறை பற்றிய நூலை வெளியிட்டார். ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற நூல் அது.

கிளாவிகார்ட் என்ற சிறு கீபோர்டு வாத்தியம் ஒன்றும் இருக்கிறது. 'மாயப் புல்லாங்குழல்' ஓபரா, 'ரெக்வியெம்' என்ற இறந்தோருக்கான பூசை இசை உள்ளிட்ட கடைசிக் காலப் படைப்புகளை ஐந்து மாதத்துக்குள் இதில் வைத்து இயற்றினார் என்று மனைவி கான்ஸ்டான்ஸே எழுதிய குறிப்பு அதனுடன் சேர்ந்தது. சகலை யோசெஃப் லாங்கே வரைந்து பாதியில் விட்ட மொசார்ட் ஓவியம், அவருடையது என்று சொல்லப்படும் முடிக்கற்றை, பட்டுப் பர்ஸ், பொத்தான்கள் ஆகியவையும் இந்த அமைப்பின் சேகரிப்பில் உள்ளவை. காகிதப் பொருள்களுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அசலை எடுத்துவிட்டு நகல் வைப்பது இத்தகைய இடங்களில் வழக்கம். ஏதோ ஒன்றுக்காக மட்டும் இத்தனை தூரம் வருகிறீர்கள் என்றால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கட்டில், தொட்டில், நாற்காலி எல்லாம் அவர்கள் பயன்படுத்தியதா?

இல்லை. குடும்பத்தின் சொந்த வீட்டுச் சாமான் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் பார்க்கும் மரச்சாமான்கள் அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று காட்ட வைத்தவை. 'மொசார்ட் தூங்கிய கட்டில்' இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காசு வீண் என்று இணையத்தில் புலம்புகிறவர்களில் பலர் இந்த எதிர்பார்ப்போடு போனவர்களே. அசல் என்று சொல்லக்கூடியவை சுவர்களும் தரையும் அறை அமைப்பும், பெட்டிக்குள் இருக்கும் வாத்தியங்களும் கடிதங்களும் படங்களும்.

அவர் எத்தனை வருடம் இங்கே இருந்தார்?

பெற்றோர் 1747-இல் கல்யாணமானதும் குடிவந்தார்கள். 1773 வரை, அதாவது 26 வருடம், இதே வாடகை வீடு. வீட்டுக்காரர் மளிகை வியாபாரி லோரன்ஸ் ஹாகெனாவர். வாடகை வாங்கியதோடு நிற்காமல், குடும்பத்தின் வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பணம் ஏற்பாடு செய்தவரும் அவரே. லெயோபோல்ட் ஊர் ஊராகப் போய் அவருக்கு எழுதிய கடிதங்களால்தான் அந்தப் பயணங்கள் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது. ஹாகெனாவரின் மகன் பாதிரியாரானபோது, அவர் நடத்திய முதல் பூசைக்கு 13 வயது மொசார்ட் ஒரு பூசை இசையை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு எதிரே இருக்கும் சிறு சதுக்கத்துக்கு ஹாகெனாவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

மொசார்ட்டின் கணக்கைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து 17 வயது வரை. ஆனால் 1763 ஜூனில் கிளம்பிய பெரிய பயணத்திலிருந்து திரும்பியதே 1766 நவம்பரில். பிறகு வியன்னா, இத்தாலி. ஆறு வயதுக்கு மேல் இந்த வீட்டில் அவர் இருந்ததைவிட இல்லாமல் இருந்ததுதான் அதிகம். முழுசாக இங்கே கழிந்தது முதல் சில வருடங்களே. அக்காவுக்காக அப்பா எழுதி வைத்த பாடப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: 1761 ஜனவரி 26, ஐந்தாம் பிறந்த நாளுக்கு முந்திய நாள், இரவு ஒன்பதரை மணிக்கு, இந்த மினுவெட் என்ற நடன இசையை வோல்ஃப்காங் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்று. அது நடந்தது இந்த மூன்றாம் மாடியில்.

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போவது?

'அவர் பிறந்த இடத்தில் நின்றேன்' என்பது முக்கியம் என்றால் கெட்ரைடகாஸே. இசைதான் முக்கியம் என்றால் எங்கள் ஓட்டு வோன்ஹௌஸுக்கு. அங்கே அறைகள் பெரியவை, கூட்டம் குறைவு. அந்தோன் வால்டர் செய்த, மொசார்ட் சொந்தமாக வைத்திருந்த ஃபோர்ட்டெபியானோ என்ற அந்தக் காலத்துப் பியானோவும், டெல்லா குரோச்சே வரைந்த குடும்ப ஓவியமும் அங்கேதான். இந்த ஃபோர்ட்டெபியானோவில் ஐந்து ஆக்டேவ், 61 கட்டைகள். இன்றைய பியானோவில் 88. பெடலுக்குப் பதிலாக முழங்காலால் உயர்த்தும் நெம்பு. இன்றைய கச்சேரி பியானோவின் கனத்த ஒலியில் மொசார்ட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் மெலிந்த உடலைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 1944 அக்டோபர் 16 குண்டுவீச்சில் வோன்ஹௌஸில் மூன்றில் இரண்டு பங்கு இடிந்தது. இன்று நிற்பது பழைய வடிவத்தில் திரும்பக் கட்டி 1996-இல் திறந்தது. பழைய சுவரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மறுபடியும் கெட்ரைடகாஸேதான். இரண்டுக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிடம்.

முதியவர்கள், குழந்தைகளோடு போகலாமா?

பிறந்த வீடு பழைய வீடு. மூன்று மாடி ஏற வேண்டும், படிகள் கல்லாலானவை, வழி குறுகல். முழங்கால் வலி உள்ளவர்களை வோன்ஹௌஸுக்கு அழைத்துப் போவது புத்திசாலித்தனம், அங்கே ஏறும் சிரமம் குறைவு. குழந்தை வண்டியைத் தங்குமிடத்திலேயே விட்டு, கைக்குழந்தையைத் தூளி போல மார்பில் கட்டிக்கொள்வது வசதி. பெட்டி படுக்கையோடு வந்து நிற்காதீர்கள். ரயில் நிலையத்தில் காசு போட்டு வைக்கும் லாக்கர் இருக்கிறது.

முகப்பு முழுதும் படத்தில் விழவே மாட்டேன் என்கிறதே?

தெரு அவ்வளவு குறுகல். வாசலுக்கு நேர் எதிரே ஹாகெனாவர் சதுக்கம் திறந்துகொள்ளும் இடத்தில், பின்னால் போகக்கூடிய மட்டும் போய் நின்று, போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முகப்பு வடக்குப் பார்த்தது. பகலில் பெரும்பாலும் நிழல்தான், அதனால் மேகமூட்டம் என்று வருத்தப்பட வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு முன்னால் போனால் ஆள் இல்லாத தெருவே கிடைக்கும்.

சுற்றுவட்டத்தில் மொசார்ட் தொடர்பான வேறென்ன இடங்கள்?

வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான். அரை நாள் கிடைத்தால் இந்த வழியில் நடங்கள்.

வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஊடுவழிகளில் ஒன்றில் நுழைந்து பின்பக்கம் வாருங்கள். 'டுர்ஹ்ஹௌஸ்' என்கிற இந்த வழிகள் வீடுகளுக்கு அடியில் புகுந்து அடுத்த தெருவுக்குப் போகும். வெளியே வந்தால் பல்கலைக்கழகச் சதுக்கம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இங்கே காய்கறி, பழம், ரொட்டிச் சந்தை கூடும். வீட்டின் பின்புறத்தைச் சந்தைக்கு நடுவில் நின்று பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகள் பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

அங்கிருந்து பேராலயம் ஐந்து நிமிடம். பிறந்த மறுநாள், 1756 ஜனவரி 28 காலை, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கே. அந்த வெண்கலத் தொட்டி இன்னும் இருக்கிறது. 1321-இல் வார்த்தது, அதைத் தாங்கும் சிங்கங்கள் அதைவிடப் பழையவை. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் பாருங்கள். வாசலின் மூன்று கம்பிக் கதவுகளில் 774, 1628, 1959 என்று எழுதியிருக்கும். முதல் பேராலயம், இன்றைய கட்டடம், போரில் குண்டு விழுந்து இடிந்த குவிமாடத்தைச் சரிசெய்து திறந்தது என்று மூன்று வருடங்கள். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், மற்ற நேரத்தில் பார்வையாளர்களிடம் கட்டணம் உண்டு.

அடுத்து சங்க்ட் பீட்டர் மடம். 1783 அக்டோபர் 26-இல் மொசார்ட்டின் சி மைனர் பூசை இசை இங்கேதான் முதன்முதலில் ஒலித்தது, கான்ஸ்டான்ஸே பாடினார். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அக்கா நானெர்ல் இருக்கிறார். ஆற்றைக் கடந்து லின்சர்காஸே வழியாகப் போனால் சங்க்ட் செபாஸ்டியன் கல்லறைத் தோட்டம், அங்கே மனைவி கான்ஸ்டான்ஸே. மொசார்ட்டின் கல்லறையைத் தேடாதீர்கள். அவர் 1791-இல் வியன்னாவில் இறந்து அங்கேயே சங்க்ட் மார்க்ஸில் அடக்கமானவர்.

மொசார்ட்பிளாட்ஸில் நிற்கும் சிலையை 1842 செப்டம்பரில் திறந்தார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது ரோமானியர் காலத்துத் தரை ஓவியம் அகப்பட்டதால் வேலை தள்ளிப்போனது. மொசார்ட்டின் மகன்கள் இருவரும் திறப்பு விழாவுக்கு வந்தார்கள். கான்ஸ்டான்ஸே பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, அதே வருடம் மார்ச்சில் இறந்துவிட்டார்.

மொசார்ட் ஆஸ்திரியரா? அவருக்கு இந்த ஊர் பிடித்திருந்ததா?

அவர் பிறந்தபோது சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இல்லை. பேராயரே அரசராக ஆண்ட தனி நாடு. ஆஸ்திரியாவோடு நிலையாகச் சேர்ந்தது 1816-இல், அவர் இறந்து 25 வருடம் கழித்து.

பிடித்ததா என்றால், இல்லை. பேராயர் கொல்லொரேடோவிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தது அவருக்கு மூச்சு முட்டியது. 1781-இல் வியன்னாவில் சண்டை முற்றி, பேராயரின் அதிகாரி ஆர்கோ பிரபு தன்னைப் பின்புறத்தில் உதைத்து அனுப்பியதாக அவரே அப்பாவுக்கு எழுதினார். இன்று அந்த ஊரில் சாக்லேட் முதல் விமான நிலையம் வரை அவர் பெயர்தான்.

வருடத்தில் எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய சால்ஸ்பர்க் விழா, 1920 முதல் நடப்பது. அறை வாடகை ஏறிவிடும், கிடைப்பதும் கஷ்டம். கச்சேரி கேட்க வருகிறவர்களுக்கு ஜனவரிக் கடைசியில், அவர் பிறந்த நாளை ஒட்டி நடக்கும் மொசார்ட் வாரம் பொருத்தமானது. குளிர் உறையும், கல் பாவிய தெரு வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

எந்த மாதமானாலும் மழை வரும். மலைகளில் மேகம் முட்டி, நாள் கணக்கில் நூல் பிடித்த மாதிரி இறங்கும் இந்த மழைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ஷ்னூர்ல்ரேகன்', நூல் மழை. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. கெட்ரைடகாஸேயில் குடை விரித்தால் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சூப்பில் ஜாக்கிரதை. 'ஃப்ரிட்டாட்டன்ஸுப்ப' என்று தோசையை நறுக்கிப் போட்ட மாதிரி ஒரு சூப் வரும். பார்க்கச் சைவம், அடியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு. 'க்னோடல்' உருண்டையில் பன்றிக் கொழுப்புத் துண்டு கலந்திருக்கலாம். 'ஓன ஃப்ளைஷ், ஓன ரிண்ட்ஸுப்ப' என்று சொல்லுங்கள், இறைச்சியும் மாட்டுச் சாறும் வேண்டாம் என்று புரியும். பாலாடைக்கட்டியில் வதக்கிய 'காஸ்நோக்கன்' வயிறு நிறைக்கும். அதிலும் 'ஓன ஷ்பெக்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மலைச் சிகரம் போல் பொங்கி வரும் 'சால்ஸ்பர்கர் நோக்கெர்ல்' முழுக்க முட்டை. சொன்ன பிறகுதான் செய்வார்கள் என்பதால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று பேருக்கு ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்தில் இருப்பது மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே மலைத் தண்ணீர்.

எந்த மொசார்ட் சாக்லேட் உண்மையானது?

நடுவில் பச்சைப் பிஸ்தா மார்ஸிபான் (சர்க்கரை சேர்த்து அரைத்த பாதாம் விழுது), அதைச் சுற்றி நூகட் (கொட்டைப் பருப்பு விழுது), மேலே கறுப்புச் சாக்லேட். 1890-இல் பால் ஃபூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் கண்டுபிடித்தது. உருண்டையைக் குச்சியில் குத்திச் சாக்லேட்டில் முக்கி, குச்சியை உருவிய ஓட்டையைச் சாக்லேட்டாலேயே அடைப்பார்கள். இன்றும் கையால் செய்வது நீலமும் வெள்ளியும் கலந்த காகிதத்தில் வரும், சால்ஸ்பர்க்கில் அவர்களுடைய கடைகளில் மட்டும் கிடைக்கும். சிவப்பும் தங்கமுமான காகிதத்தில் விமான நிலையம் வரை குவிந்து கிடப்பது ஆலைத் தயாரிப்பு. தட்டையாக ஒரு பக்கம் இருப்பது ஜெர்மனியிலிருந்து வருவது.

கையால் செய்ததைத் தனித்தனியாகவும் வாங்கலாம். ஊருக்குக் கொண்டுபோவதென்றால் கடைசி நாளில் வாங்கி, கைப்பையில் வையுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ விமானத்திலிருந்து இறங்கிய பெட்டி வெயிலில் நிற்கும் அரை மணி நேரத்தில் உருண்டை தட்டையாகிவிடும். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுங்கள். குளிரோடு கடித்தால் பிஸ்தா வாசனையே தெரியாது.